பூங்காவில் சாப்பாட்டுக்கடை பூட்டிக் கிடந்தால்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 80 பேரைச் சிறுவர் பூங்கா ஒன்றுக்குக் கூட்டிப் போகிறோம். போன வருடம் அங்கே சோறு விற்ற கடை இப்போது இல்லை. கொத்தும் சிப்ஸும் ஐஸ்கிறீமும்தானாம். வீடுகளில் சோற்றுப் பார்சல் கட்டித் தரச் சொல்லலாமா?
– ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: வேண்டாம் ரீச்சர். விடிய 4 மணிக்குச் சமைத்துக் கட்டும் சோற்றைப் பிள்ளை பிரிப்பது மதியம் 12.30க்கு. எட்டரை மணித்தியாலம், அதுவும் பஸ்சின் வெக்கையில். சமைத்த உணவு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிடக்கும்போதுதான் கிருமி பெருகும். அப்படிக் கிடக்க 2 மணித்தியாலம்தான் கணக்கு. வெயில் 32 பாகையைத் தாண்டினால் 1 மணித்தியாலம். சோற்றில் வரும் பசிலஸ் சீரியஸ் என்ற பக்ரீரியாவின் வித்துகள் அவித்தாலும் சாவதில்லை. சூட்டோடு மூடிக் கட்டிய பார்சலுக்குள் ஆவி தண்ணீராகி அவை பெருக வழி விடும். மணம் மாறாமலே வாந்தி எடுக்க வைக்கும் என்பதுதான் பயம். தேங்காய்ப்பால் கறியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் சேர்ந்தால் இன்னும் கெதியாகப் பழுதாகும்.

நல்ல வழி, பூங்காவுக்குக் கிட்ட உள்ள சாப்பாட்டுக் கடையொன்றில் 80 சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி, 12 மணிக்குச் சுடச்சுட வாசலுக்கு வரச் செய்வது. இந்த வயதுப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி காணும். 80 பேருக்கு 8 கிலோ. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா என்று பூங்கா அலுவலகத்தில் முதலே கேட்டு, சம்மதத்தை எழுத்தில் எடுங்கள். வாசலில் நின்று வாதாடும் நேரத்தில்தான் சாப்பாடு ஆறும்.

அது சரிவராவிட்டால் ரொட்டியும் கட்டைச்சம்பலும். ஒரு கிலோ கோதுமை மாவுக்குச் சிறிய தேங்காய் ஒன்று போட்டால் கையகல ரொட்டி 15 அளவில் வரும். ஆளுக்கு 2 என்றால் 160 ரொட்டி, 11 கிலோ மா. அன்று விடியவே மெல்லிதாகத் தட்டி நன்றாக வேகவிட்டு, சுளகில் பரப்பி முற்றாக ஆறிய பிறகே கட்ட வேண்டும். முதல்நாள் இரவு சுடக்கூடாது. கட்டைச்சம்பலில் தேங்காய் இல்லை. செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, தேசிப்புளி மட்டும். கூடவே கதலி வாழைப்பழமும் வறுத்த கச்சானும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர் வீதம் 120 லீற்றர், அதாவது 20 லீற்றர் கான் 6. இதில் மட்டும் குறைக்காதீர்கள். வெயிலில் ஓடி விளையாடிய பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு முன்பே தண்ணீர்தான் தேவை.

கேள்வி: பூங்கா ஒன்றுக்குள் கொத்து, பிறைட்றைஸ் கடை நடத்துகிறேன். பக்கத்தில் இருந்த இரண்டு கடைகளும் பூட்டிவிட்டன. சனி, ஞாயிறில் சனம் நிரம்பி வழிகிறது. மாத முடிவில் மிச்சம் இல்லை. சாப்பாட்டு வகைகளைக் கூட்டினால் சரிவருமா?
– கடைக்காரர், தண்ணீரூற்று

பதில்: கூட்டாதீர்கள், குறையுங்கள் தம்பி. பக்கத்துக் கடைகள் பூட்டியது சனம் வராததால் அல்ல, வரும் சனம் ஒரே நேரத்தில் வருவதால். கணக்கைப் பாருங்கள். ஒரு கல்லில் ஒரு தடவைக்கு 3 பிளேற் கொத்து, அடித்து முடிக்க 6 நிமிடம் என்றால் மணிக்கு 30 பிளேற். பசியோடு வரும் சனம் 12.15இலிருந்து 1.45 வரை; அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் 45 பிளேற்றுக்கு மேல் உங்களால் கொடுக்க முடியாது. 46ஆவது ஆள் வரிசையைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சாப்பிடுவார். இன்னும் இரண்டு வகை சேர்த்தால் அதே கல்லில், அதே கைகளில் சுமைதான் ஏறும்.

மதியத்துக்குப் பானையிலிருந்து அள்ளி வைக்கும் சாப்பாடு ஒன்றே ஒன்று போடுங்கள்: குத்தரிசிச் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, பொரித்த குளத்துமீன். ஒரு பிளேற்றுக்கு 40 விநாடி போதும். ஒன்றரை மணித்தியாலத்தில் 135 பேருக்குக் கொடுக்கலாம். மீனைக் குழம்பு வைப்பதைவிடப் பொரித்து வைப்பது நல்லது, கிண்டக் கிண்ட உடையாது. ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் திலாப்பியா இதற்குத் தோதானது. காலையில் வாங்கியதும் மீன் ஒரு பங்கு, ஐஸ் ஒரு பங்கு என்று நிறை பார்த்துப் போட்டு வையுங்கள். கொத்துக் கல்லைப் பின்னேரம் 4 மணிக்கு மூட்டலாம். அந்த நேரத்தில் சனம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் கல் ஈடு கொடுக்கும்.

சோற்றை ஒரே தடவையில் ஆக்குவதுதான் பணம் குப்பைக்குப் போகும் வழி. பெரியவருக்கு 125 கிராம் அரிசி என்றால் 100 பேருக்கு 12.5 கிலோ. 11 மணிக்கு 8 கிலோவை உலையில் போடுங்கள். 11.45க்கு நுழைவுச்சீட்டுக் கவுண்டரில் அதுவரை எத்தனை சீட்டு விற்றது என்று கேட்டு, மிச்சம் 4.5 கிலோவை ஆக்குவதா விடுவதா என்று முடிவெடுங்கள். ஒரு கொப்பியில் நான்கு வாரம் இரண்டு எண்ணை மட்டும் எழுதி வாருங்கள்: சீட்டு எத்தனை, சாப்பாடு எத்தனை. ஐந்தாம் வாரம் உங்கள் பூங்காவின் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

மதியம் மிஞ்சிய சோற்றை மேசையில் மூடி வைத்துப் பின்னேரம் பிறைட்றைஸ் போடுவது பல கடைகளில் உள்ள பழக்கம். மேலே சொன்ன அதே பக்ரீரியா அங்கே நஞ்சைச் சுரந்திருக்கும்; திரும்பக் கல்லில் வறுத்தாலும் அந்த நஞ்சு அழியாது. மிஞ்சியதை உடனே 5 சென்ரிமீற்றருக்கு மேல் உயராமல் தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் எறிவதே நியாயம்.

இனி வாடகை. மாதம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளால் பிரித்தால் 2,000. கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் வியாபாரம் நடப்பது 9 நாள் என்றால், அந்த நாளொன்றுக்கு வாடகை 6,667 ரூபாய். உங்கள் மிச்சம் கரைவது இங்கேதான். கடைகள் பூட்டிக் கிடக்கும் இந்த நேரம் பேரம் பேச நல்ல நேரம்: நிலையான வாடகைக்குப் பதில் விற்பனையில் ஒரு வீதம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூங்கா வெறிச்சோடும்போது அதுதான் உங்களைக் காப்பாற்றும். பூட்டிய பக்கத்துக் கடையையும் எடுக்கும் எண்ணம் இருந்தால், பழைய மின்சார நிலுவை யார் பெயரில், காஸ் குழாய் வெடித்திருக்கிறதா, கழிவுநீர்க் குழி நிரம்பிவிட்டதா என்று பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள். பிரதேச சபை அனுமதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையும் பழைய கடைக்காரரோடு போய்விட்டவை. நீங்கள் புதிதாகத் தொடங்க வேண்டும்.

கேள்வி: ரொறன்ரோவில் உள்ள மகள் எங்களைப் புளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப் போகிறாள். நாங்கள் சைவம். அங்கேயும் சில உணவகங்களைப் பூட்டிவிட்டதாகச் சொல்கிறாள். பட்டினி கிடக்க நேருமா?
– ஓய்வுபெற்ற தபாலதிபர், வவுனியா

பதில்: நேராது ஐயா. அங்கே கடை பூட்டுவது பெரும்பாலும் திருத்த வேலைக்கு, அல்லது ஒரு பகுதியையே இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு. 2025 ஜூனில் டிஸ்னி வேர்ல்டுக்குள் உள்ள ஹொலிவூட் ஸ்ரூடியோஸ் பூங்காவில் மப்பெற் என்ற பொம்மைப் பாத்திரங்களின் பகுதி மூடப்பட்டபோது அங்கிருந்த பீட்சாக் கடையும் சேர்ந்து போனது. எது திறந்திருக்கிறது என்பதைப் பூங்காவின் செயலியில் போகும் வாரத்திலேயே மகள் பார்க்கட்டும்; பழைய காணொளிகளை நம்ப வேண்டாம். இருந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாள் முன்னதாகவே இடம் பதியலாம். தாவர உணவுகளுக்குப் பட்டியலில் இலைக் குறி போட்டிருப்பார்கள். ஆனாலும் பரிமாறுபவரிடம் மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். அனிமல் கிங்டம் லொட்ஜ் விடுதியில் உள்ள சனா உணவகத்தில் நாண் ரொட்டியும் பலவகைச் சட்னியும் கிடைக்கும். அதற்குப் பூங்காச் சீட்டு வேண்டியதில்லை.

வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம் என்பது பலருக்குத் தெரியாது. கண்ணாடிப் போத்தலும் மதுவும் கூடாது. குளிர்ப்பெட்டி 24க்கு 15க்கு 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். உதிரி ஐஸ் கூடாது, உறைந்த ஜெல் பொதிதான் விடுவார்கள். விரைவு உணவுக் கவுண்டர்களில் ஐஸ் தண்ணீர் இலவசம்.

கேள்வி: பூங்காக் கடையில் பிளாஸ்ரிக் தட்டைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு என்ன பாவிக்கலாம்?
– சிற்றுண்டிக் கடைக்காரர், மாங்குளம்

பதில்: ஒருதரம் பாவித்து எறியும் பிளாஸ்ரிக் தட்டு, கோப்பை, கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, உறிஞ்சு குழாய், இடியப்பத் தட்டு எல்லாம் 2023 ஒக்ரோபர் 1 முதல் தடை. லஞ்ச்ஷீற்றும் றிஜிபோம் பெட்டியும் 2017 செப்ரெம்பரிலிருந்தே தடை. எங்கள் குளங்களில் தாமரை இலைக்குக் குறைவில்லை. அன்று பறித்ததை உப்புத் தண்ணீரில் இரண்டு பக்கமும் கழுவுங்கள். அடிப்பக்கத்தில் வழுவழுப்பும் நத்தை முட்டையும் ஒட்டியிருக்கும். நடுவில் காம்பு சேரும் இடத்தில் சிறு துளைகள் உண்டு, சொதி அதன் வழியே ஒழுகும். அந்த இடத்தில் உள்ளங்கையளவு வாழையிலைத் துண்டு வைத்தால் சரி. அடியில் தாங்கப் பனையோலைத் தட்டு இருந்தால் போதும், அதைக் கழுவிக் காயவைத்துத் திரும்பவும் பாவிக்கலாம்.

கேள்வி: கடைகள் குறைந்த பிறகு, உள்ளே தண்ணீர்ப் போத்தலைப் போட்டிருக்கும் விலைக்கு மேல் விற்கிறார்கள். பூங்கா என்றால் அப்படி விற்கலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: விற்கக்கூடாது. அடைத்து வரும் பொருளில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் வாங்குவது எங்கே என்றாலும் குற்றம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, போத்தலில் உள்ள விலையையும் படம் எடுத்துக்கொண்டு, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அறிவியுங்கள். சீட்டுத் தர மறுத்தால் கடையின் பெயர், நாள், நேரம் மூன்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.