கட்டிவிட்டால் கல்யாணமா?

கேள்வி: டி.வி.யில் பழைய படங்களைப் பார்த்தால், ஒருவன் ஓடிவந்து மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டினால் போதும், அவள் அவன் பெண்டாட்டிதான் என்று ஊரே ஒப்புக்கொள்கிறது. "அது நம் பண்பாடு, சினிமா அதைத்தானே காட்டும்" என்கிறார் என் கணவர். நிஜத்தில் அது கல்யாணம் ஆகுமா?
- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: ஆகாது. திரைக்கதை ஆசிரியரின் வசதியைத்தான் உங்கள் வீட்டுக்காரர் பண்பாடு என்கிறார்.

அந்தக் காட்சியைச் சற்று உற்றுப் பாருங்கள். முடிச்சு விழுவதைப் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். திமிறுகிற பெண்ணின் பிடரியில் மூன்று முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும். அப்புறம் அவளை யார் பிடித்துக்கொள்வது? அதனால் கேமரா நாயகியின் கண்ணுக்கும் அம்மன் சிலைக்கும் கோயில் மணிக்கும் தாவிவிடும். மேளக்காரர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் கெட்டிமேளம் முழங்கும். நிஜக் கல்யாணத்தில் பல வீடுகளில் மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு மட்டும்தான். மற்ற இரண்டும் நாத்தனார் கணக்கு. பண்பாடு பேசுகிறவர்களுக்கு இதுவாவது நினைவிருக்க வேண்டும். அகநானூற்றின் 86ஆம் பாட்டில் பந்தல், உளுந்துக் களி, மணப்பெண்ணை நீராட்டும் நான்கு பெண்கள் என்று ஒரு கல்யாணமே விரிகிறது, தாலியைத்தான் காணோம்.

இடைவேளைக்கு ஒரு அதிர்ச்சி வேண்டும், அதற்கு இது மலிவான வழி. 'இவனை ஏற்பாளா' என்றிருந்த கதை 'எப்போது ஏற்பாள்' என்று மாறிவிடுகிறது. முடிவெடுக்க எதுவும் மிச்சமில்லாத நாயகி, இரண்டாம் பாதியில் கொஞ்ச நாள் முறைப்பாள். அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். 1989இல் வந்த 'புதிய பாதை'யில், தன்னைப் பலாத்காரம் செய்தவனையே தேடிப்போய் மணந்து திருத்துகிறாள் நாயகி. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. பலாத்கார வழக்கில் கல்யாணம் பேசி சமரசம் செய்யும் பேச்சே கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது.

சட்டத்துக்கு வருகிறேன். அண்ணா ஆட்சியில், 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவாக இருக்கிறது. உற்றார், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்லலாம், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலி கட்டலாம். மூன்றில் ஒன்று போதும். அதாவது, தாலியே இல்லாமலும் கல்யாணம் செல்லும். ஆனால் எதைச் செய்தாலும் இருவரும் சம்மதித்துச் செய்ய வேண்டும்; ஓடிவந்து கட்டியதில் அவள் சம்மதமே இல்லை, அதனால் அது கல்யாணமே இல்லை. மிரட்டியோ, சடங்கு இன்னதென்று மறைத்து ஏமாற்றியோ சம்மதம் வாங்கியிருந்தால், 12ஆம் பிரிவின்படி அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மிரட்டல் நின்றதிலிருந்து, அல்லது ஏமாற்று தெரிந்ததிலிருந்து, ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். அதற்குப் பிறகும் மனமொத்து அவனோடு குடும்பம் நடத்தியிருக்கக் கூடாது.

இந்தக் கணக்கில் 'சின்ன தம்பி' (1991) வேடிக்கையானது. தாலி என்றால் என்னவென்றே தெரியாமல் கட்டுகிறவர் பிரபு. சடங்கு இன்னதென்று தெரியாமல் மாட்டியவர் மாப்பிள்ளை. கோர்ட்டுக்குப் போகிற வழக்கு அவரிடம்தான் இருக்கிறது! 'அந்த 7 நாட்க'ளில் (1981) அம்பிகாவுக்கு வீட்டார் கட்டாயப்படுத்திச் செய்துவைத்த கல்யாணம். கணவரே அவளைக் காதலனுக்கு விட்டுக்கொடுக்கத் தயார். சட்டம் கொடுத்த ஒரு வருஷத்தில் ஏழு நாள்தான் கழிந்திருக்கிறது. ஆனால் தாலியைக் கழற்றும் கட்டம் வந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. பாக்யராஜின் கைத்திறனில் நாமும் அழுதுவிட்டு, 'வேறு என்ன செய்ய முடியும்' என்று எழுந்து வருகிறோம். செய்ய எவ்வளவோ இருந்தது.

'மௌன ராகம்' (1986) வேறு ரகம். அதிலும் பெண்ணுக்கு விருப்பமில்லாத கல்யாணம்தான். ஆனால் ரேவதி வாயைத் திறந்து விவாகரத்து கேட்கிறார், மோகன் வக்கீலிடம் கூட்டிப்போகிறார். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் மனு போட முடியாது என்று தெரியவருகிறது. அது இன்றும் சட்டத்தின் 14ஆம் பிரிவு. 1976 திருத்தத்துக்கு முன்னால் மூன்று வருஷமாக இருந்தது. பரஸ்பர சம்மத விவாகரத்தும் அதே திருத்தத்தில் வந்ததுதான். அதற்கு ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது பிரிந்து வாழ்வதுதான் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. படத்தில் இருவரும் குடியிருக்கும் டெல்லி வீடு அதற்கு நல்ல உதாரணம். கடைசியில் சேர்ந்து வாழத்தான் போகிறார்கள் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும், ஆனால் அதற்கு அவள் மனசு மாற வேண்டியிருக்கிறது. கயிறு அந்த வேலையைச் செய்யவில்லை.

கேட்டது நிஜத்தைப் பற்றி என்பதால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கடத்தினால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 87ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. மானபங்கம் செய்யும் நோக்கத்தில் கைவைத்தால் 74ஆம் பிரிவில் 1 முதல் 5 ஆண்டு. உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. கட்டியவன் "என் மனைவி" என்று உரிமை கொண்டாடினால், அப்படி இல்லை என்று குடும்ப நல நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கலாம். இதில் பலர் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்: 'கட்டினது கட்டியாச்சு' என்று பெரியவர்கள் சொல்ல, சரி என்று நாலு மாதம் அவன் வீட்டில் இருந்து பார்ப்பது. மனமொத்து வாழ்ந்ததாக எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவதற்கு அந்த நாலு மாதம் போதும். கழுத்தில் கிடக்கும் கயிற்றை அறுத்து எறிந்துவிடவும் வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள், அது வழக்கின் தடயப்பொருள்.