பொருளாதார அடியைத் தாங்கும் ஊரின் திறனை அளப்பது எப்படி? டர்பன் வாசகர்களுக்குக் கேள்வி பதில்

பீனிக்ஸ் வாசகர்: ஐயா, வேலையின்மை விகிதம் ஒன்றே போதாதா?

போதாது. 2020ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் தென்னாப்பிரிக்காவில் வேலையில் இருந்தோர் தொகை ஏறத்தாழ 1.64 கோடியிலிருந்து 1.41 கோடியாக வீழ்ந்தது. அதே காலாண்டில் அதிகாரபூர்வ வேலையின்மை விகிதமோ 30.1 விழுக்காட்டிலிருந்து 23.3 ஆக இறங்கியது. ஊரடங்கில் வேலை தேட முடியாமல் வீட்டில் இருந்தவர்களை அந்தக் கணக்கு வேலையற்றோராகச் சேர்ப்பதில்லை. வேலை செய்யத் தயாராக இருந்தும் தேடாதவர்களையும் சேர்க்கும் விரிந்த வரையறையில் விகிதம் 39.7இலிருந்து 42.0 ஆக ஏறியது. வேலையில் இருப்போர் தொகையை முதலில் பாருங்கள்.

சாட்ஸ்வர்த் ஆசிரியை: எங்கள் ஊரை நாட்டோடு ஒப்பிட வழி உண்டா?

உண்டு, அம்மா. நாட்டில் வேலை 10 விழுக்காடு குறைந்தபோது ஊரில் 5 விழுக்காடு குறைந்தால், ஊரின் சரிவை நாட்டின் சரிவால் வகுங்கள்: விடை 0.5. அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஊர் நாட்டைவிட நன்றாகத் தாங்கியது என்று பொருள். பொருளாதாரப் புவியியலாளர் ரான் மார்ட்டின் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. ஆனால் அரசின் காலாண்டுத் தொழிலாளர் ஆய்வு மாகாணம், மாநகரம் என்ற அளவில்தான் நம்பத்தக்க எண் தரும். சாட்ஸ்வர்த்துக்கு நீங்களே வீடு வீடாகக் கேட்டாக வேண்டும். அப்போதும், தையல் ஆலை மூடியபின் வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துப் பாதி வருமானம் ஈட்டும் பெண்ணை ‘வேலையில் இருப்பவர்’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். வருமானத்தையும் கேளுங்கள்.

கோயில் தொண்டர்: ஊரடங்கில் அன்னதானம் நிற்கவே இல்லை. அதுவே நம் வலிமைக்குச் சான்றல்லவா?

கொடுத்தவர்களின் மனத்தை நான் வணங்குகிறேன். ஆயினும் உணவுப் பொட்டலங்களின் எண்ணிக்கை வலிமையையும் வறுமையையும் ஒன்றாகக் காட்டுகிறது. முன்பு அரிசி கொடுத்த குடும்பங்களில் எத்தனை பிறகு வரிசையில் நின்றன என்று எண்ணினால்தான் உண்மை தெரியும்.

அதே தொண்டர்: அப்படியானால் மாதந்தோறும் பணம் கட்டிச் சேமிக்கும் ஸ்டோக்வெல் குழுக்களுக்கும் மதிப்பில்லையா?

மதிப்பு உண்டு, நிபந்தனையோடு. உறுப்பினர் அனைவரும் ஒரே ஆலையில் சம்பளம் வாங்கினால், ஆலை மூடும் மாதத்தில் எல்லாருக்கும் பணம் தேவைப்படும், எவராலும் கட்ட முடியாது. ஆசிரியர், கடைக்காரர், ஓய்வூதியர் எனப் பல வழி வருமானம் கலந்த குழு தாங்கும். ஆகவே குழுக்களை எண்ணாதீர்கள். உறுப்பினர்களின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

மற்றொருவர்: ஊரடங்கில் 350 ராண்டாகத் தொடங்கிய அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

சாசா எனும் அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையின் இணையதளத்தை அணுகுங்கள்.

டோங்காட் வாசகர்: வேலையின்மை விகிதம் குறைந்தால் ஊர் மீண்டதாகக் கொள்ளலாமா?

முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.