லினக்ஸ் மடிக்கணினியில் விண்டோஸ் விளையாட்டுகள்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைனில் கணக்கு எழுதும் பழைய நிரல் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நேற்று ஒரு விளையாட்டை நிறுவினேன். அதிலிருந்து கணக்கு நிரல் திறக்கவே இல்லை.

பதில்: இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டீர்கள். வைன் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் ஒரு மறைவான கோப்புறையை உண்டாக்குகிறது. அதற்குள் பொய்யாக ஒரு சி டிரைவ், அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ஒரு ரெஜிஸ்ட்ரி, விண்டோஸ் நூலகக் கோப்புகள் எல்லாம் இருக்கும். இதைத்தான் பிரிஃபிக்ஸ் என்கிறோம். விளையாட்டுக்காக, வைனுக்குள் நூலகங்களையும் எழுத்துருக்களையும் நிறுவித்தரும் வின்ட்ரிக்ஸ் வழியாக ஏதாவது ஒரு நூலகத்தை மாற்றியிருப்பீர்கள். கணக்கு நிரலுக்கு அது ஒத்துவரவில்லை. நிரலுக்கு ஒரு பிரிஃபிக்ஸ் என்று தனித்தனியாக வையுங்கள். பாட்டில்ஸ், லூட்ரிஸ் என்ற மேலாண்மை நிரல்கள் இரண்டுமே இதை எளிதாகச் செய்துதரும். ஒன்று கெட்டால் அந்தக் கோப்புறையை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். அழிப்பதற்கு முன் உங்கள் கணக்குக் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வைன் ஒரு எமுலேட்டர்தானே, அதாவது வேறொரு கணினியைப் போல நடிக்கும் நிரல்தானே? விளையாட்டு மெதுவாகத்தானே ஓடும்?

பதில்: எமுலேட்டர் அல்ல, 'வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்' என்ற அந்தப் பெயரின் விரிவே அதைத்தான் சொல்கிறது. 1993 முதல் வளர்ந்துவரும் திட்டம் இது. நிரலின் கட்டளைகள் உங்கள் பிராசசரிலேயே நேரடியாக ஓடுகின்றன. விண்டோஸிடம் நிரல் கேட்கும் உதவிகளை மட்டும் வைன் வாங்கி லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. படம் வரையும் பகுதியில்தான் நெடுங்காலம் தொல்லை இருந்தது. விண்டோஸ் படம் வரையும் முறையான டைரக்ட்3டியின் அழைப்புகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் முறைக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே வந்த பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான், வைனையும் டிஎக்ஸ்விகேவையும் சேர்த்துக் கட்டியதுதான். ஒரு விளையாட்டை முதல் முறை திறக்கும்போது திக்கித் திக்கி ஓடினால் பதற வேண்டாம்; ஷேடர்கள் எனும் படம் வரையும் சிறு நிரல்கள் தயாராகிக்கொண்டிருக்கும்.

கேள்வி: நிறுவும்போது அனுமதிப் பிழை வந்தது. முழு அதிகாரம் தரும் சுடோ கட்டளையைப் போட்டு ஓட்டினேன். இப்போது எதுவுமே திறக்கவில்லை.

பதில்: வைனை ஒருபோதும் சுடோ போட்டு ஓட்டாதீர்கள். கோப்புறை, ரூட் எனும் நிர்வாகக் கணக்கின் உடைமையாகிவிடும். அடுத்த முறை சாதாரணமாகத் திறந்தால் 'இது உன்னுடையது அல்ல' என்று வைன் மறுத்துவிடும். உடைமையை உங்கள் பெயருக்கே திருப்பி எழுதினால் சரியாகும். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வைனில் இசட் டிரைவ் என்பது உங்கள் முழுக் கணினி. விண்டோஸ் வைரஸ் வைனிலும் ஓடும். அதற்கு ரூட் அதிகாரத்தையும் கொடுத்தால் எல்லாமே போகும்.

கேள்வி: வட்டின் விண்டோஸ் பகுதியில் இருக்கும் விளையாட்டுகளை ஸ்டீம் அப்படியே எடுத்துக்கொள்ளுமா?

பதில்: வேண்டாம். புரோட்டான் 'சி:' என்று முக்காற்புள்ளியோடு ஓர் இணைப்பை உண்டாக்கும். விண்டோஸில் கோப்பின் பெயரில் முக்காற்புள்ளிக்கு இடமில்லை. லினக்ஸ் பகுதியிலேயே நிறுவுங்கள்.

கேள்வி: சில இணைய விளையாட்டுகள் உள்ளே விடுவதே இல்லை. இது லினக்ஸின் குறைதானே?

பதில்: இல்லை. ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய காவல் நிரல்கள் இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழிசெய்துவிட்டன. அதை இயக்கிவைப்பதா வேண்டாமா என்பது விளையாட்டைச் செய்தவரின் கையில் இருக்கிறது.

கேள்வி (அவரே): லினக்ஸ் வழியாகத்தான் ஏமாற்றுக்காரர்கள் வருகிறார்கள் என்று சொல்லித்தானே 2024-இல் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் விளையாட்டை லினக்ஸுக்கு மூடினார்கள்?

பதில்: மூடினார்கள், காரணமும் அதுதான். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது: இயங்குதளத்தின் மையப்பகுதியான லினக்ஸ் கர்னலை யார் வேண்டுமானாலும் மாற்றிக் கட்டலாம் என்பதால், விளையாடுபவரின் கணினியில் உட்கார்ந்துகொண்டு கர்னலை நம்ப முடியாது. ஆனால் விண்டோஸில் கர்னலுக்குள்ளேயே காவல் போட்ட விளையாட்டுகளிலும் ஏமாற்று நின்றுவிடவில்லையே. சுவருக்குப் பின்னால் இருப்பவரின் இடத்தை சர்வர் அனுப்பாமலே இருந்தால், எந்த நிரலாலும் அவரைக் காட்ட முடியாது. அந்த உழைப்பைச் சர்வரில் போடாமல், என் மடிக்கணினியின் அடிமடியில் ஒரு நிரலை உட்காரவைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி (இன்னொருவர்): கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியைப் போல ஓடும் விர்ச்சுவல் மெஷினில் ஒளித்து விளையாடினால்?

பதில்: கண்டுபிடித்தால் கணக்கை முடக்குவார்கள். இதற்கு வழி கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

கேள்வி: தனி கிராபிக்ஸ் சிப் இருந்தும் விளையாட்டு மந்தமாக ஓடுகிறது.

பதில்: மடிக்கணினிகளில் அடிக்கடி நடப்பது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் உள்சிப்பிலேயே விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும். தனிச் சிப் என்விடியா என்றால், விளையாட்டை அதில் ஓட்டும் பிரைம்-ரன் கட்டளை மூலம் தொடங்குங்கள். டிரைவரின் 32 பிட் நூலகங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் பழைய விளையாட்டுகள் பல சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும்.

கேள்வி: ஆப்பிள் கணினியில் இதெல்லாம் நடக்குமா?

பதில்: என் துறை அல்ல.

கேள்வி: நிறுவல் பாதியில் நிற்கிறது. சுடோ போட்டுப் பார்க்கலாமா?

பதில்: மேலே மூன்றாவது பதிலைப் படியுங்கள். போடாதீர்கள்.

கேள்வி: ஒரே பிரிஃபிக்ஸில் ஆறு நிரல்கள் வைத்திருக்கிறேன்...

பதில்: பிரித்து வையுங்கள். முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி (முதலில் கேட்டவர்): தனிப் பிரிஃபிக்ஸில் மறுபடி நிறுவினேன். கணக்கு நிரல் திறந்துவிட்டது. ஆனால் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன.

பதில்: மகிழ்ச்சி. அந்தப் பிரிஃபிக்ஸில் மட்டும் வின்ட்ரிக்ஸைத் திறந்து கோர்ஃபான்ட்ஸ் எழுத்துருத் தொகுப்பை நிறுவிப் பாருங்கள். விளையாட்டின் பிரிஃபிக்ஸைத் தொடாதீர்கள்.