மைனஸ் 30 டிகிரி குளிரில் பிறக்கும் கன்று எப்படிப் பிழைக்கிறது?

கனடாவின் சஸ்காட்செவனில் ஒரு குடும்பத்தின் மாட்டுப்பண்ணையில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்தேன். இருநூறு சொச்சம் கறிமாடுகள், எல்லாம் கருப்பு ஆங்கஸ் இனம். பிப்ரவரியில் ஈத்து தொடங்கும்.

குளிரை விட ஈரம்தான் கன்றுக்கு எமன். விழுந்த கன்றைத் தாய் நக்கித் துவட்டி, அது எழுந்து மடியைப் பிடித்துவிட்டால், காற்றுத் தடுப்புக்குப் பின்னால் வைக்கோலில் படுத்துக் குளிரைத் தாங்கிக்கொள்ளும். தலைச்சன் கிடாரிகளோடுதான் பாடு. சிலது ஈன்றதும் மிரண்டு விலகிவிடும். அதனால் ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச்சோடு சுற்றி வருவோம். பொழுது சாய்கிற நேரத்தில் தீனி போட்டால் பெரும்பாலான மாடுகள் பகலில் ஈனும். பக்கத்து மாகாணமான மனிடோபாவில் கோனெஃபல் என்ற பண்ணைக்காரர் கவனித்துச் சொன்ன வழி இது. எங்களுக்கும் பலித்தது.

ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு வேலியோரம் ஒரு கன்று கிடந்தது. மயிரெல்லாம் உறைந்து, தொட்டால் மொறமொறத்தது. வாய்க்குள் விரலை விட்டேன். உள்ளே சில்லென்று இருந்தது, விரலைச் சப்பவும் இல்லை. பண்ணைக்காரர் அதை அப்படியே வீட்டுக்குள் தூக்கிப் போய்க் குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கினார். தலை முங்காமல் நான் தாங்கிக்கொண்டேன். ஆறிய தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தோம். வெகுநேரம் கழித்து என் விரலை மெல்ல இழுத்துச் சப்பியது. துவட்டிவிட்டு, தாயிடம் கறந்த சீம்பாலைக் குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டோம். பிழைத்துக்கொண்டது. காது நுனி மட்டும் பனியில் கருகி உதிர்ந்தது.

சீம்பாலுக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்றால், தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே கன்றுக்கு வந்துவிடாது, இந்தப் பாலில்தான் வரும். அதை உள்வாங்கும் திறன் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் நின்றேபோகும். குளிரில் உடம்புக்குச் சூடு தருவதும் இந்தப் பாலில் இருக்கும் கொழுப்புதான்.

ஏன் இந்தக் குளிரில் ஈனவைக்கிறார்கள்? புல் துளிர்க்கும்போது கன்று மேயத் தயாராக இருக்கும். அக்டோபர், நவம்பரில் எடைக்கு விற்கும்போது கனமாக நிற்கும். வசந்தத்தில் விதைப்பு வேலை தொடங்குவதற்குள் ஈத்தும் முடிந்துவிடும். ஆனாலும் இப்போது பலர் ஏப்ரல், மே மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆள் குறைந்த குடும்பங்களுக்கு அதுதான் நல்லது என்பேன்.

எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடமாட்டார்கள், அப்பாவும் அப்படித்தான். அந்தத் தொட்டிக் கன்றைப் பார்த்த பிறகு போன் செய்யும்போதெல்லாம் அவரிடம் இந்தச் சீம்பால் விஷயத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன். போன தையில் மாடு ஈன்றதும் வீடியோ காலில் வந்தார். கன்று வாலை ஆட்டி ஆட்டி மடியை முட்டிக்கொண்டிருந்தது.

"நஞ்சு இன்னும் விழுகல சாமி. அதுக்குள்ள இது வயிறு முட்டக் குடிச்சுப்போடுச்சு. மிச்சத்தத்தான் உங்கம்மா காய்ச்சறா."