எதற்கோ வெந்த கோதுமை

கேள்வி: கிரேக்கரைத் திருமணம் செய்துகொண்டு மூன்று வருடமாகத் தெசலோனிக்கியில் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். ஆன்லைன் வகுப்பில் கிரேக்க எழுத்தும் இலக்கணமும் ஓரளவு வந்துவிட்டன. வேற்றுமை உருபுகள்தான் உதைக்கின்றன. கணவர் என்னிடம் ஆங்கிலம்தான் பேசுவார். மாமியார் அதிகம் பேசுவதில்லை. பிப்ரவரியில் ஒருநாள் எதற்கோ கோதுமை வேகவைத்தபடி என்னைக் கூப்பிட்டார், வகுப்பு இருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டேன். பண்பாடு தெரிந்தால் மொழி வரும் என்கிறார்கள். ஹோமர், புராணம், தத்துவம் – எதில் தொடங்கலாம்?

பதில்: எதிலும் வேண்டாம். ஹோமர் எங்கும் ஓடிவிட மாட்டார். அங்குள்ள பிள்ளைகளே பள்ளியில் அவரை இன்றைய கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்கள்.

'எதற்கோ கோதுமை' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு 'எதற்கோ'வா? அது கோலிவா, அம்மா. ஈஸ்டர் நோன்பை ஒட்டி வரும் ஆத்துமாக்களின் சனிக்கிழமைகளில் இறந்தவர்களுக்காகச் செய்வது. வெந்த கோதுமையை வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, வறுத்த மாவு, உலர்திராட்சை, பாதாம், மாதுளை முத்து எல்லாம் கலந்து, மேலே வெள்ளையாகச் சர்க்கரைப் பொடியைத் தூவி தேவாலயத்துக்கு எடுத்துப்போவார்கள். கூடவே ஒரு தாளும் போகும். அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும், பாதிரியார் வாசிப்பார். எப்படி எழுதுவார்கள் தெரியுமா? ஆறாம் வேற்றுமையில். மரியா அங்கே 'மரியாஸ்', கொன்ஸ்தந்தினோஸ் 'கொன்ஸ்தந்தினு'. உங்களை உதைக்கிற அதே உருபு சமையலறையில் கிடந்தது. நீங்கள் அதை மனப்பாடம் செய்ய அறைக்குள் போய்விட்டீர்கள்!

உங்கள் அம்மா வீட்டில் அமாவாசைக்குப் படையல் போடும்போது வந்த மருமகள் கதவைச் சாத்திக்கொண்டால் ஊர் என்ன பேசும்? மாமியார் அதிகம் பேசுவதில்லை என்று குறைப்படுகிறீர்கள். பேசத்தானே கூப்பிட்டார். செத்தவர்களுக்குச் செய்கிற வேலைக்கு ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறார்கள் என்றால், அவளைக் குடும்பத்தில் ஒருத்தியாக நினைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். மதம் வேறு, மொழி வேறு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பாதாம் உரிக்க மதம் மாற வேண்டியதில்லை.

போய் மன்னிப்புக் கேளுங்கள், அரைகுறை கிரேக்கத்திலேயே. அப்புறம் அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு பெயரும் யார் என்று விசாரியுங்கள். தெசலோனிக்கிக் குடும்பம் என்றால் 1922-23இல் சின்ன ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, அகதியாக வந்த கொள்ளுப்பாட்டி ஒருத்தி அதில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருந்தால், இறந்தகாலத்தில் கதை சொல்ல உங்கள் மாமியாரை மிஞ்சிய வாத்தியார் கிடைக்க மாட்டார்.

அக்டோபர் 26 புனித திமித்ரியோஸ் நாள். ஊருக்கே காவல் புனிதர் அவர், அவர் பெயர் வைத்த திமித்ரிஸ் வீதிக்கு நாலு பேர் இருப்பார்கள். அன்று அவர்களுக்குப் பெயர் நாள், நம்மூர்ப் பிறந்தநாள் மாதிரி. அன்று வாழ்த்தப் போகிற வீடுகளுக்கு மாமியாரோடு நீங்களும் போங்கள். வாசலில் சொல்வதையே சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிடும்.

வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. சான்றிதழ் வேண்டியிருக்கும், படியுங்கள். நேரத்தை மட்டும் மாற்றுங்கள், அடுப்பில் ஏதாவது இருக்கும்போது வேண்டாம்.

உங்கள் கணவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மூன்று வருடம் சுகமாக ஆங்கிலம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாளையிலிருந்து வீட்டுக்குள் கிரேக்கம் மட்டும்தான் என்று சொல்லிவிடுங்கள். சண்டைக்கு வேண்டுமானால் ஆங்கிலத்தை வைத்துக்கொள்ளலாம்.