டிபி வார்டு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சேலம் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, வேறு ஏதோ நோய் என்று சேர்த்த பிறகு டிபி என்று தெரியவந்தவர்களைப் பற்றியவை. நான் மருத்துவர் இல்லை. மருந்தைக் கூட்டு, குறை என்று சொல்ல மாட்டேன். மற்றபடி கேளுங்கள்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: சிஸ்டர், அப்பாவுக்கு 58 வயது, தறி ஓட்டுபவர். நிமோனியா என்று சேர்த்துப் பத்து நாள் ஆகிறது. காய்ச்சல் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. சளி டெஸ்ட் நெகட்டிவ். ஆனாலும் டிபியாக இருக்கலாம் என்கிறார்கள். நெகட்டிவ் என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்?

அப்படி இல்லை தம்பி. முதலில் எந்த டெஸ்ட் என்று கேளுங்கள். கண்ணாடித் துண்டில் சளியைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள் என்றால், ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் தென்படும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் டெஸ்ட் என்றால் அதைவிட மிகக் குறைவாக இருந்தாலும் பிடித்துவிடும். சிபிநாட் இயந்திரத்தில் போட்டால் சுமார் இரண்டு மணி நேரத்தில் பதில் வரும். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதும் அதிலேயே தெரியும். அதனால் முதல் வகை நெகட்டிவை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அடுத்தது, டப்பாவில் போனது சளியா எச்சிலா? வார்டில் நடக்கும் கூத்தே இதுதான். டப்பாவைக் கொடுத்து "துப்பிட்டு வாங்க" என்று சொன்னால், தெம்பில்லாத ஆள் வாயில் இருப்பதைத் துப்பிக் கொடுத்துவிடுவார். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, அடி நெஞ்சிலிருந்து காறி எடுக்க வேண்டும். இதைக் கட்டிலில் உட்கார்ந்து செய்யக் கூடாது, காற்றோட்டமான வெளியிடத்துக்குக் கூட்டிப் போங்கள். வரவே இல்லை என்றால் உப்புநீர் ஆவி பிடிக்கவைத்து எடுக்கலாம். அதுவும் ஆகவில்லை என்றால் குழாய் விட்டு நுரையீரலிலிருந்தே எடுப்பார்கள். அதைச் சொன்னதும் பயந்து கையெழுத்துப் போட மறுக்காதீர்கள்.

மூன்றாவது விஷயம் பலருக்குத் தெரியாது. நிமோனியாவுக்குக் கொடுக்கும் லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் டிபி கிருமியையும் ஓரளவு அடிக்கும். காய்ச்சல் இறங்கும், ஆள் தெளிவார், டெஸ்டிலும் கிருமி சிக்காது. அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். நீங்கள் சொல்லும் ஏற்ற இறக்கம் அப்படியும் இருக்கலாம். சேர்ப்பதற்கு முன் மெடிக்கல் ஷாப்பில் என்ன மாத்திரை வாங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

என் கருத்து இது: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் நிழல் என்று ஒருவர் வந்தால், நிமோனியா மருந்து ஏறும் அதே முதல் நாளில் சளியும் சிபிநாட்டுக்குப் போக வேண்டும். நிமோனியா மருந்து கேட்கவில்லை என்ற பிறகு யோசிப்பது தாமதம்.

ஆத்தூரிலிருந்து: அக்கா, என் தம்பிக்கு 34 வயது. டிபி என்று கண்டுபிடித்து மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள் வார்டிலேயே போய்விட்டான். மாத்திரைதான் கொன்றது என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

ரொம்ப வருத்தமாக இருக்கிறது அம்மா. உங்கள் தம்பியின் கேஸ் தாளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் டிபி மாத்திரை பொதுவாக நாலு நாளில் ஆளை எடுக்காது. ஈரல் பாதிப்பு வந்தாலும் பெரும்பாலும் சில வாரம் கழித்துத்தான் தெரியும். டிபியில் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் முதல் இரண்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள், அதிலும் முதல் சில வாரங்கள்தான் மோசமானவை. உடம்பு முழுக்கக் கரைந்த பிறகு மருந்து உள்ளே போகிறது, அது வேலை செய்ய அவகாசம் இருப்பதில்லை.

இதற்காகவே ஏப்ரல் 2022-ல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கினார்கள். டிபி என்று தெரிந்த உடனே பெரிய டெஸ்ட் எதுவும் இல்லாமல் சில விஷயங்களைப் பார்ப்பார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல் ஓடுகிறதா, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே இருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 36 கிலோவுக்குக் கீழே இருந்தால் அதுவே ஆபத்துக் குறி. இதில் ஒன்று தவறினாலும் வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாத்திரை ஒரு பக்கம், ஆக்சிஜனும் சாப்பாடும் இன்னொரு பக்கம்.

அப்படியே சேர்த்தாலும் எல்லோரையும் காப்பாற்ற முடிவதில்லை. மதுப்பழக்கம் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. மாத்திரையைக் குற்றம் சொன்னால், அந்த வீட்டில் அடுத்து யாருக்காவது நோய் வந்தால் மாத்திரையைத் தொடவே மாட்டார்கள். எனக்கு அந்தப் பயம்தான்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: கொலுசுப் பட்டறையில் வேலை. சுகர் பத்து வருடமாக இருக்கிறது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிழல். டிபி மேல்பகுதியில்தானே வரும் என்று நண்பர் சொல்கிறார்.

சுகர் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பகுதியிலும் வரும். அவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பே மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இன்னொன்று: ரிஃபாம்பிசின் சில சுகர் மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். வார்டில் இருக்கும்வரை இன்சுலினுக்கு மாற்றினால் "நம்ம நிலைமை மோசம்போல" என்று நினைக்காதீர்கள், காரணம் அதுதான். நண்பரை விடுங்கள், சளியைக் கொடுங்கள்.

ஏற்காடு, நாகலூர் பக்கத்திலிருந்து: மாமியாரைச் சேலத்தில் சேர்த்திருக்கிறோம். மலைக்காற்று நல்லது, மேலேயே கூட்டிவந்துவிடுங்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கூட்டிப் போகலாமா?

மருந்து வருவதற்கு முன்னால் காற்றும் ஓய்வும் சாப்பாடும்தான் வைத்தியம். அதற்காகத்தான் தாம்பரத்திலும் பெருந்துறையிலும் சானடோரியம், அதாவது டிபி நோயாளிகள் தங்கி ஓய்வெடுக்கும் மருத்துவமனை, கட்டினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்ததே நம் சென்னைதான். 1956-ல் அங்கே தொடங்கிய ஆய்வில், ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்தும், மீதிப் பேரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் நன்றாக இருந்தும், வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. 1959-ல் வெளிவந்த அந்த முடிவுதான் உலகம் முழுக்க டிபி சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

அதனால் மலைக்குக் கூட்டிப் போகலாம், ஆனால் காற்றுக்காக வேண்டாம். மூச்சிரைப்பு இல்லாமல், தானாக எழுந்து நடந்து, வாய்வழியாகச் சாப்பிட ஆரம்பித்து, மருத்துவரும் சரி என்ற பிறகு போங்கள். கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. அவருடைய நிக்‌ஷய் எண்ணை, அதாவது அரசின் டிபி பதிவில் அவருக்கு உள்ள எண்ணை, கேட்டு எழுதி வாங்குங்கள், சிகிச்சையை உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றியாயிற்றா என்று உறுதி செய்யுங்கள். கையில் சில நாள் மாத்திரையோடு மலையேறி, அது தீர்ந்ததும் யாரிடம் வாங்குவது என்று தெரியாமல் விட்டவர்கள் உண்டு. இருமல் நின்றிருக்கும், பஸ்ஸுக்கு அலைய மனம் வராது. பிறகு திரும்பி வரும்போது நோய் முற்றியிருக்கும், சில சமயம் பழைய மருந்து கேட்கவும் கேட்காது. டிஸ்சார்ஜுக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

ஓமலூரிலிருந்து: அக்கா, என் தங்கைக்கு 19 வயது. இரண்டு வாரமாகத் தலைவலி, வாந்தி, காய்ச்சல். இப்போது ஆளையே சரியாகத் தெரியவில்லை. முதுகில் நீர் எடுத்தார்கள். சிபிநாட் நெகட்டிவ். ஆனாலும் மூளை டிபி என்று மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். நிரூபணம் இல்லாமல் எப்படி?

கண்ணு, அவர்கள் செய்தது சரி. மூளை உறையில் வரும் டிபியில் அந்த நீரில் கிருமி மிகக் குறைவாக இருக்கும், நெகட்டிவ் வருவது சகஜம். நீரில் உள்ள புரதம், சர்க்கரை, செல்கள், ஸ்கேன், வந்த விதம் எல்லாம் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நிரூபணத்துக்காகக் காத்திருந்தால் போவது பார்வையோ நினைவோ உயிரோ. கூடவே ஸ்டீராய்டும் தருவார்கள், அது இறப்பைக் குறைக்கும் என்று நிரூபணமானது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சாதாரண நுரையீரல் டிபிக்கு ஆறு மாதம், இதற்குப் பெரும்பாலும் ஒரு வருடம்.

வாழப்பாடியிலிருந்து: கணவரோடு இரண்டு வாரம் வார்டில் இருந்தேன். வீட்டில் நாலு வயதுக் குழந்தை. எங்களுக்கு வருமா?

மருந்து ஒழுங்காகப் போனால் இரண்டு வாரத்தில் அவரிடமிருந்து பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை அவர் மாஸ்க் போடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆனால் மருந்துக்கு முந்தைய மாதங்களில் நீங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தீர்கள், ஆக இருவரும் பரிசோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை" என்று மறுக்காதீர்கள். தட்டு டம்ளரைத் தனியாக வைக்கத் தேவையில்லை, இது மூச்சுக்காற்றில் பரவுவது.

சாப்பாட்டையும் கவனியுங்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கும் அரிசி, பருப்பு மாதாமாதம் கொடுத்த குடும்பங்களில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. முட்டை, கடலை, பருப்பு, ராகி எல்லோருக்கும் வேண்டும்.

அஸ்தம்பட்டியிலிருந்து: தனியார் ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம். அரசாங்கத்துக்குப் பெயர் போகுமா? பணம் ஏதாவது கிடைக்குமா?

போகும். 2012 முதல் தெரிவிப்பது கட்டாயம். அதனால் நஷ்டமில்லை, தனியாரில் பார்த்தாலும் உண்டு: சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். முன்பு 500, நவம்பர் 2024 முதல் உயர்த்தினார்கள். ஆதாரும் கணக்கு எண்ணும் கொடுத்தால் போதும்.

அம்மாபேட்டையிலிருந்து: வார்டில் மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் வாரம் கண் மஞ்சளாகி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். நோய் பெருகிவிடாதா?

சில நாள் நிறுத்துவதால் வரும் ஆபத்தைவிட, கெட்டுப்போன ஈரலோடு தொடர்வது பெரிய ஆபத்து. ரத்தப் பரிசோதனை சீரானதும் மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பார்கள். ரொம்ப முடியாதவர்களுக்கு ஈரலைத் தொடாத மருந்துகளை நடுவில் கொடுப்பதும் உண்டு. இந்த நேரத்தில் மஞ்சள் காமாலைக்கு என்று வெளியில் வேர், பொடி, கஷாயம் எதுவும் வேண்டாம், மதுவும் கூடாது.

பெயர் சொல்லாத ஒருவர்: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. ரத்தமா?

ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். கண்ணீரும் வியர்வையும்கூட அப்படி வரலாம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்குப் போய், கூடவே வாந்தியோ கண் மஞ்சளோ இருந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்வை மங்கினாலும், சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாமல் போனாலும் அதே மாதிரிதான், அது எத்தாம்பூட்டால் என்ற இன்னொரு டிபி மருந்தின் வேலை. நேரில் உடனே போக முடியவில்லை என்றால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்டுப் பாருங்கள்.