மலேரியாவுக்கு மருந்து கேட்கிறதா? ஆய்வகப் பணியாளரிடம் கேள்வி பதில்

புதுச்சேரியில் மலேரியாக் கிருமிகளின் மரபணுவைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கடலூர் முதுநகர், செவிலியர்: ரத்தத் தடவலிலேயே (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது) மலேரியா தெரிந்துவிடுகிறது. வடிதாளிலும் ரத்தம் எடுத்து உங்களுக்கு அனுப்புவது எதற்கு?

தடவலில் கிருமி இருக்கிறதா, எந்த வகை, எவ்வளவு என்பது தெரியும். அது மருந்துக்கு அடங்குமா என்பது தெரியாது. மலேரியாக் கிருமிகளில் ஒரு வகையான ஃபால்சிபாரத்தின் கெல்ச்13 மரபணுவில் சில மாற்றங்கள் இருந்தால், ஆர்ட்டிசுனேட் போன்ற ஆர்ட்டிமிசினின் வகை மருந்து கொடுத்தும் கிருமி மெதுவாகவே அழியும். மூன்றாம் நாளும் தடவலில் கிருமி தெரிந்தால் நாங்கள் முதலில் தேடுவது இதைத்தான். அதனோடு சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்தான சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் பலிக்குமா என்பதை வேறு இரண்டு மரபணுக்கள் சொல்லும். இதற்கெல்லாம் விரல் நுனி ரத்தம் இரண்டு மூன்று சொட்டுப் போதும். ஆனால் நம் கடற்கரைக் காற்றில் தாள் எளிதில் உலராது. ஈரத்தோடு உறையிலிட்டால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். நிழலில் முழுவதும் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். முதல் மாத்திரை கொடுப்பதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள் சகோதரி. இதை மன்றாடிக் கேட்கிறேன்.

பாகூர், ஒரு தாய்: மகனுக்கு வைவாக்ஸ் மலேரியா வந்து குணமாகி, மூன்று மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. மருந்து வேலை செய்யவில்லையா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் அம்மா. வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து மறுபடி எழும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதை மட்டுமே கொல்லும். கல்லீரலில் இருப்பதற்கு பிரைமாகுயின் வேண்டும். அதை 14 நாள் சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்துபவர்கள் ஏராளம். மகன் முழுவதும் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். புதிய கொசுக்கடியாகவும் இருக்கலாம். குளோரோகுயினை முறையாகச் சாப்பிட்டு 28 நாளுக்குள் திரும்பியிருந்தால்தான் கிருமியின் மருந்து எதிர்ப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். பிரைமாகுயினை மட்டும் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

நெல்லித்தோப்பு, மருந்துக்கடைக்காரர்: ஆர்ட்டிசுனேட் மாத்திரையைத் தனியாகத் தரலாமா?

கூடாது ஐயா. அது சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். மிச்சக் கிருமியை முடிக்க கூட்டு மருந்து கட்டாயம் வேண்டும்.

வில்லியனூர், கல்லூரி மாணவர்: நம் ஊரில் மலேரியா குறைவுதானே? இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

குறைவு என்பதால்தான் கிடைக்கும் ஒவ்வொரு மாதிரியும் முக்கியம் தம்பி. குளோரோகுயின் எதிர்ப்பு தென்கிழக்காசியாவில் தலைதூக்கி, 1973-இல் அசாமில் பதிவானது. பிறகு ஆப்பிரிக்காவுக்கும் பரவியது. கெல்ச்13 மாற்றமோ ஊர் கடந்து வர வேண்டும் என்பதில்லை. 2020-இல் ருவாண்டாவில் கண்டறியப்பட்டது அங்கேயே தோன்றியது. மேல்நிலைத் தொட்டியில் பெருகி மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி கொசு நம் நகரத்திலும் உண்டு. வெளிமாநிலத் தொழிலாளர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்கள் தங்கும் இடத்துக்கே சோதனை போய்ச் சேர வேண்டும்.

கடலூர், ஆசிரியர்: ரத்தம் எடுத்ததால் எதுவும் மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களில் ஆர்ட்டிசுனேட்டோடு கொடுத்த சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் தோற்பது சிகிச்சைக் கண்காணிப்பிலும் மரபணுச் சோதனையிலும் தெரிந்தது. அதனால் 2013-இல் அங்கே ஆர்ட்டிமீதர்-லுமெஃபான்ட்ரின் என்ற வேறு கூட்டு மருந்து கொண்டுவரப்பட்டது.